பதினெட்டாவது தலையணை உறை

ஒக்டோபர் 3

இந்தக் கொப்பி எனக்குத் தந்ததல்ல. லண்டனில் என் கணவர் சீலனுக்கு மனநல ஆலோசனை சொன்ன பெண் அவரிடம் கொடுத்தது. தினமும் இரண்டு வரி எழுதினால் நெஞ்சுப் படபடப்புக் குறையும் என்றாளாம். அவர் அட்டையில் தன் பெயரை மட்டும் எழுதி அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டார். நல்ல தடித்த தாள். வீணாக்க மனம் வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

வீடு மாறி ஒரு கிழமை. வேல்ஸ் எல்லையில் ஒரு சின்னக் கிராமம். அதன் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை. எட்டு வயது மகள் நிலானி சிரித்துச் சிரித்துத் திருத்துகிறாள். மார்க்கண்டு அண்ணைக்குச் சொந்தமான பலசரக்குக் கடையை நாங்கள் நடத்துகிறோம். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மேடு. வட்டமாக, கவிழ்த்து வைத்த புட்டைப்போல. சுற்றிவரப் பள்ளம். வேலியோரம் ஒரு பலகை: இது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம், தோண்டுவது குற்றம். மேட்டைக் காவல் காக்கும் நாடு இது. எனக்குச் சிரிப்பு வந்தது.

லண்டன் சத்தம் அவருக்கு ஒத்துவரவில்லை, அமைதியான இடத்துக்குப் போங்கள் என்று டொக்டர் சொன்னதால் வந்தோம். இன்று பதினொன்றரைக்குக் கூரையைத் தொடுகிற உயரத்தில் யுத்த விமானம் ஒன்று போனது. பாண் வாங்க வந்த கிழவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை. பயிற்சிக்குப் பறக்கிறார்களாம், வெயில் இருந்தால் வருவார்களாம். சீலனைத் தேடினேன். பால் பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

“பாலின்ரை திகதி பாத்தனான்” என்றார்.

பார்த்திருப்பார்.

ஒக்டோபர் 4

இன்று இரண்டு விமானம். 11.20, 2.05.

ஒக்டோபர் 9

ஹெலன் என்றொரு பெண் வந்தாள். அறுபது வயதிருக்கும், முழங்கால் வரை சேற்றுச் சப்பாத்து. மேட்டைப் பார்த்துக்கொள்வது அவளுடைய பொறுப்பாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டு போவாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினாள்.

தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் நோர்மன்காரர் கட்டிய கோட்டை இது. ஊர்ச்சனத்தைப் பிடித்து வந்து மண் சுமக்க வைத்தார்களாம். களிமண் ஒரு படை, சரளை ஒரு படை, மேலே மரத்தால் கோபுரம். சில கிழமைகளில் முடித்துவிட்டார்கள். “ஏன் அவ்வளவு அவசரம்?” என்று நான் கேட்டேன்.

“பயம்தான்” என்றாள். “சுற்றி இருந்த எல்லாருக்கும் பயந்தார்கள். இது முழுக்க முழுக்கப் பயத்தால் கட்டியது.”

சீலன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரேயொரு கேள்வி: களிமண் படை எவ்வளவு தடிப்பு? ஹெலனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லையாம். இந்தப் பக்கம் ஆறடி வரைக்கும் களி, அதற்குள்ளே சரளை, தண்ணீர் போனால் வழுக்கும், அதனால் முயல் வளை விழுந்தால்கூடத் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றாள். மண்வெட்டி வைத்தவர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்களாம்.

அவள் போனபின் நான் அவருக்குச் சொன்னேன்: “இஞ்சாருங்கோ, ஓகஸ்டிலைதான் பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறம். அந்த விண்ணப்பப் போமிலை நன்னடத்தை எண்டு ஒரு பக்கமே இருக்கு. வேலிக்கு அங்காலை போகாதேங்கோ.”

“நான் ஏன் போறன்?” என்றார்.

ஒக்டோபர் 13

அவருடைய காற்சட்டையை இரண்டு முறை கழுவினேன். சிவப்புக் களி, லேசில் போகாது. வீட்டுக்கு முன்னால் லீக்ஸ் நடப் பாத்தி வெட்டுகிறாராம். முன்பக்க மண் கறுப்பு. சரி, லீக்ஸ் நல்லது, சொதிக்கு உதவும்.

என் பச்சை நைலெக்ஸ் சேலையைக் காணவில்லை. லண்டனில் விட்டிருப்பேன்.

ஒக்டோபர் 19

அப்பாவும் மகளும் புது விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விமானச் சத்தம் கேட்டதும் நிலானி பின்கதவிலிருந்து மேட்டடி முட்பற்றை வரை ஓட வேண்டும். அவர் எண்ணுவார். முதலில் இருபத்தொன்று வந்தது, இப்போது பதினாலு.

“பதினாலு காணும் பிள்ளை” என்று தலையைத் தடவினார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்து எவ்வளவு காலம்! பிள்ளைக்கும் தேகப்பயிற்சிதானே.

எங்கள் ஊரில் பன்னிரண்டு எண்ணுவோம்.

ஒக்டோபர் 27

பள்ளிக்கூட விடுமுறை. சீலன் மூன்று சேலைகளை மடித்துக்கொண்டு வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தார். அவற்றில் பச்சை நைலெக்ஸும் இருந்தது. அது லண்டனில் இல்லை.

“தவம், தலையணை உறை கொஞ்சம் தைச்சுத் தாரும்.”

“எத்தினை?”

“பதினெட்டு.”

வீட்டில் தலையணை நான்கு. அகலம் ஒன்றரை அடி, நீளம் இரண்டரை அடி, ஓரத்துக்கு இரட்டைத் தையல், வாய் கட்ட நாடா. அளவுநாடா தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குள் பதினேழு முடித்தேன். மூன்றாவது சேலையின் முந்தானை கிழிசல், பதினெட்டுக்குப் போதவில்லை.

“உம்மடை நீலச் சேலை சும்மாதானே கிடக்கு. ஒருநாளும் உடுக்கேல்லை” என்றார்.

“அதைத் தொடாதேங்கோ.”

“ஏன்?”

“துணி இல்லை. பதினேழுதான்.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நிலானி படம் கீறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் புட்டு அவித்தேன்.

நவம்பர் 2

பாடசாலையிலிருந்து ஆசிரியை கூப்பிட்டாள். நெருப்புப் பயிற்சிக்கு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வெளியே போக, நிலானி மட்டும் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டாளாம். காதுகளைப் பொத்தி, பல்லுக்கு நடுவே பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு. “வீட்டில் யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்தார்களா?” என்று கேட்டாள். ஏதாவது படத்தில் பார்த்திருப்பாள் என்றேன்.

வாயை மூடியிருந்தால் குண்டு வெடிக்கும் அதிர்வில் காதுச் சவ்வு கிழியும். பென்சில் கடிப்பது சரியான முறைதான். ஆசிரியைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

நவம்பர் 10

ஹெலன் சொல்லாமல் வந்தாள். வீதியால் போகும்போது மேட்டின் பின்பக்கத்தில் புது மண் கொட்டிக் கிடந்ததைக் கண்டாளாம். சீலன் கடை வாசலிலேயே அவளை மறித்து, “பாட்ஜர்” என்றார். எங்கள் ஊர் மரநாயைவிடப் பெரிய, முகத்தில் வெள்ளைக்கோடு போட்ட வளைதோண்டி ஒன்று இங்கே உண்டு. அதையும் சட்டம் காக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது. மேட்டுக்கும் பாதுகாப்பு, மேட்டைத் தோண்டும் மிருகத்துக்கும் பாதுகாப்பு. எங்களுக்குத்தான் இன்னும் பிரஜாவுரிமைக் கடிதம் வரவில்லை.

ஹெலன் என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் பார்த்தீர்களா?”

“ஓம். இரண்டு. ஒரு குட்டியும் நின்றது.”

குட்டியை ஏன் சேர்த்தேனோ தெரியவில்லை. அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள், பிறகு கவலைப்பட்டாள். மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் இறங்கினால் ஒரு பக்கமே சரிந்துவிடுமாம். பாட்ஜர் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு இருபத்துநான்காம் திகதி வருவதாகச் சொல்லிப் போனாள்.

அந்த மனுசி என்னை நம்பியதுதான் நெஞ்சைக் குத்துகிறது.

நவம்பர் 16

சீலன் சாமான் எடுக்க நகரத்துக்குப் போனார். நிலானியைப் பாடசாலையில் விட்டுவிட்டு, கடைக்கதவில் ‘பத்து நிமிடத்தில் வருவேன்’ என்ற மட்டையைத் தொங்கவிட்டு, வேலிக்கு அங்கால் போனேன்.

முட்பற்றைக்குப் பின்னால் பதுங்குகுழி வாசல். விமானம் வரும் திசைக்கு முதுகு காட்டி வெட்டியிருக்கிறார். மூன்று படி இறங்கினால் எல் எழுத்துப்போல ஒரு திருப்பம். குண்டுச் சன்னம் நேரே பாயாது. மேலே கடைக்குச் சாமான் வரும் மரத்தட்டுகள், அதற்கு மேல் புல்லுக்கட்டி. வலதுபக்கச் சுவர் சரளை என்பதால் அங்கே மட்டும் மூட்டை அடுக்கியிருக்கிறார். என் தையல்தான், ஒரு நூல் விலகவில்லை. வடிவாகக் கட்டியிருக்கிறார். வன்னியில் இருந்திருந்தால் ஊரே வந்து பார்த்திருக்கும்.

மூட்டைகளை எண்ணினேன். பதினெட்டு.

கீழிருந்து இரண்டாம் வரிசையில் நீலம். வெட்டாமல், தைக்காமல், முழுச் சேலையையும் நாலாக மடித்து மண் கொட்டி முடிந்திருக்கிறார். அதற்குக் கீழே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

உள்ளே ஐந்து நிமிடம் இருந்ததாகத்தான் நினைத்தேன். வெளியே வந்தபோது நிலானி பாடசாலை முடிந்து வாசலில் குளிரில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்து விட்டாளாம்.

நவம்பர் 17

சேலையைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

நவம்பர் 21

நாலு நாளாக மழை. விமானம் இல்லை. ஆறு வயல்களுக்குள் ஏறிவிட்டது. சீலன் வாளியோடு போய்ப் போய் வருகிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் லீக்ஸ் பற்றியே கதைக்கிறோம்.

இன்று துணிந்து கேட்டேன்: “தண்ணி ஊறுதே?”

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. “கொஞ்சம்.”

“சரளை மண் நிக்காது.”

“மூட்டை தாங்கும்.”

“இஞ்சை ஒருத்தரும் குண்டு போடமாட்டினம். பெடியங்கள் பிளேன் ஓடிப் பழகுறாங்கள். அவ்வளவுதான்.”

“எனக்கும் விளங்குது தவம். மண்டைக்கு விளங்குது, காலுக்கு விளங்கேல்லை.” துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும். “புதுக்குடியிருப்பு றோட்டிலை அம்மா நடந்து வரேக்கை ஒரு பங்கர், ஒரேயொரு பங்கர் கிட்ட இருந்திருந்தா அவ இண்டைக்கும் இருப்பா. பங்கர் இருந்த சனம் தப்பினது. நீரும் தப்பினனீர்தானே?”

நான் தப்பினேன். ஓம் என்றேன். அதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சோறு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 24

வானம் வெளித்துவிட்டது. நல்ல வெயில். வெள்ளம் பாடசாலைப் பக்க வீதியை மூடியதால் வகுப்பு இல்லை. சீலன் கடையில். நிலானி முன்னறையில் படம் கீறுகிறாள். ஹெலனும் பாட்ஜர்காரரும் பதினொன்றரைக்கு வருவார்கள்.

விடிந்ததும் போய் என் நீலச் சேலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரவெல்லாம் அதுதான் நினைவு. ஹெலன் எதைப் பார்த்தாலும் பார்க்கட்டும், அந்தச் சேலை அங்கே இருக்கக்கூடாது. ஈரத்தில் ஊறி நல்ல பாரம். முடிச்சை அவிழ்த்து மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் இழுக்க வந்தது. கழுவி ஹீற்றருக்கு மேலே போட்டிருக்கிறேன். கறை போகும்.

இதை வாங்கித் தந்தது அம்மா. எனக்குப் பத்தொன்பது வயது. கடைசிச் சண்டைக்காலம். மாத்தளனில் அப்பா பங்கர் வெட்டினார், கடற்கரை மண், வெட்ட வெட்டச் சரியும். எங்களிடம் இருந்த சேலையெல்லாம் வெட்டி நான்தான் மூட்டை தைத்தேன், கையால். பதினெட்டு வேண்டும் என்றார் அப்பா. பதினேழு முடித்தேன். “இன்னும் ஒண்டு பிள்ளை” என்றார். துணி இல்லை என்றேன். இந்த நீலச் சேலை அரிசிப் பைக்கு அடியில் இருந்தது. ஒருநாளாவது உடுத்த வேண்டும் என்று ஆசை. அவ்வளவு சனம் செத்துக்கொண்டிருக்க, எனக்குச் சேலை உடுத்த ஆசை.

மூட்டை இல்லாத இடத்துக்கு அப்பா ஒரு பலகையை முட்டுக்கொடுத்தார். தம்பி கஜன் அந்தப் பக்கம்தான் இருப்பான். ஒன்பது வயது. ஷெல் எங்கேயோ தூரத்தில் விழுந்தது. ஒரு சன்னமும் வரவில்லை. நிலம் அதிர்ந்தது, பலகை விலகியது, மண் இறங்கியது. கையால் கிளறிக் கிளறி எடுத்தோம். வாய்க்குள் மண். அகதி விண்ணப்பத்தில் ஷெல் பட்டு இறந்தான் என்று எழுதினேன். சீலனுக்கும் அப்படித்தான் சொன்னேன். எல்லாருக்கும் தம்பிக்கு ஷெல் பட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும் பதினேழு.

மணி 11.10. இன்று காலை நான் கீழிருந்து இரண்டாம் வரிசையில்

பதினேழு. கடவுளே, நான் மறுபடியும் பதினேழு ஆக்கிவிட்டேன்.

சத்தம் வருகிறது. நிலானி

நவம்பர் 25

ஆஸ்பத்திரி. பேனை தாதியுடையது. நிலானி நித்திரை. தோள்பட்டை எலும்பு முறிவு, விலாவில் கண்டல் காயம். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மூன்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் சொன்னதும்தான் நான் கதிரையில் இருந்தேன்.

நான் பின்கதவுக்கு வரும்போது அவள் பற்றையடியைத் தாண்டிவிட்டாள். கூப்பிட்டேன். விமானச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டாள், நிற்கக்கூடாது என்றுதானே பழக்கினோம். கடையிலிருந்து சீலனும் ஓடிவந்தார், எனக்கு முன்னால். அவர் படியில் கால் வைக்கவும் வலதுபக்கம் மொத்தமாக இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. சோற்றுப்பானை சரிவதுபோல ஒரு சத்தம்.

மேலே இருந்த மரத்தட்டு அவள் தலையில் விழாமல் அவர் முதுகு கொடுத்து நின்றார். அந்த நிலையில் அவரால் ஒரு கையும் அசைக்க முடியாது. நான் கிளறினேன். ஈரக்களி வழுக்கி வழுக்கி வந்து நிரப்பியது. அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது, பல்லுக்கு நடுவே பென்சில். மண் நாடி வரை. இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தால் வாய். மூடத் தெரியாத வாய்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் மண்ணைக் கிளறின. ஹெலன். அவளோடு வந்தவர் காரிலிருந்து மண்வெட்டி எடுத்துவர ஓடி, வேலியடியில் ஒரு கணம் தயங்கி நின்றார். ஹெலன் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: “வெட்டு! எங்கே வேண்டுமானாலும் வெட்டு!”

அம்புலன்ஸ் வருமுன் எடுத்துவிட்டோம். ஹெலனின் நகமெல்லாம் இரத்தம்.

“பாட்ஜர் இல்லை” என்றேன் அவளிடம். “ஒருநாளும் இல்லை. குட்டியும் இல்லை.”

“தெரிகிறது” என்றாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, கண்ணீரைத் துடைக்காமலே, “ஆனால் பார்த்ததை நான் எழுதத்தான் வேண்டும்” என்றாள். எழுதட்டும்.

நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரி நடையில் வைத்துச் சீலனுக்குக் கஜனைச் சொன்னேன். சேலையைச் சொன்னேன். காலையில் நான் மூட்டையை இழுத்ததைச் சொன்னேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன், அடித்தால் நல்லது என்றிருந்தது. முதுகு நிமிர்த்த முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

“பதினாலு வருசமா ஏன் சொல்லேல்லை தவம்?”

“சொன்னா பிறகு என்ரை முகத்தைப் பாப்பியளோ எண்டு பயம்.”

“பங்கரும் கொல்லும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் சொல்லியிருந்தா நான் அந்த மேட்டிலை ஒரு பிடி மண் தொட்டிருக்க மாட்டன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன். தாதி வந்து கதவைச் சாத்தினாள்.

டிசம்பர் 5

பொலிஸார் இரண்டுமுறை வந்து வாக்குமூலம் எடுத்தார்கள். பிரஜாவுரிமைக் கடிதமும் வந்தது: மேலதிக விளக்கம் தரவும், இருபத்தெட்டு நாள். தம்பி இறந்த விதத்தையும் இந்தமுறை திருத்தி எழுதப்போகிறேன். எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னார், அது இன்னொரு பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நான் எழுதுவேன்.

சீலன் ஆலோசனைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். கொப்பி எங்கே என்று கேட்டார். இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது, முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

இன்று மேட்டை மூடினார்கள். மூட்டைகளை வெளியே எடுத்தால் இன்னும் சரியும் என்பதால், அப்படியே உள்ளே விட்டுக் களி வைத்து இறுக்குவதாக முடிவு. நான் நீலச் சேலையைக் கொண்டு போனேன். கறை போயிருந்தது. ஹெலனுக்கு ஒன்றும் விளக்கவில்லை, கையில் கொடுத்து இடத்தை மட்டும் காட்டினேன். கீழிருந்து இரண்டாம் வரிசை. அவள் வேலைக்காரர்களை நிறுத்தி, தானே குனிந்து அதை உள்ளே வைத்தாள்.

“இனி இதுவும் கோட்டைதான்” என்றாள். “யாரும் எடுக்க முடியாது.”

நானும் எடுக்க முடியாது. எடுத்தால் குற்றம். பின்னேரம் புல்லுக்கட்டி பதித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 8

வெயில். 11.20க்கு விமானம் வந்தது, வழக்கத்தைவிடத் தாழப் பதிவாக. அலுமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன. கடையில் சீலன் என்ன செய்கிறார் என்று காது கொடுத்தேன். யாருக்கோ மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. குரல் நடுங்கியது, ஆனால் எண்ணி முடித்தார்.

நிலானி கையைத் தூளியில் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். எழும்பவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். பிறகுதான் அவளுடைய உதடு அசைவதைக் கண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு வந்ததும் நிறுத்திவிட்டு, மூடிப் புல் பதித்த அந்த மேட்டை யன்னலால் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இனி எங்கை ஓடுறது?”